கைபேசிக்குள் ஒரு காவலன்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு கைபேசியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு இப்பொருள் எவ்வாறு வாய்த்தது என்று சிலர் வியக்கலாம். காரணம் எளிது. மின் கட்டணம் கட்டவும், பயணச்சீட்டு எடுக்கவும், ஓய்வூதியம் வந்ததா என்று பார்க்கவும் காலனிப் பெரியவர்கள் பலர் மாலை வேளைகளில் கைபேசியோடு நம் வீட்டு வராந்தாவுக்கு வருகின்றனர். மறுபுறம், இக்காலனியிலேயே வளர்ந்து, இன்று புனேயிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் சோதிக்கும் பணியில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, நாம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையோடு விடை பகர்கின்றனர். அவ்விரு சாராருக்கும் இடையில் அமர்ந்து கற்றதே இவ்வுரை.

இங்குள்ளோரில் பெரும்பாலோர் ரயில்வேக் குடும்பத்தினர். ஆதலால் காவல் என்பது யாது என விளக்க வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. வண்டியின் கடைசியில் கார்டு இருக்கிறார். 2022-ஆம் ஆண்டில் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் காலனியில் இன்னும் கார்டு வீடு கார்டு வீடுதான். எஞ்சினில் விழிப்புக் கருவி இருக்கிறது. ஓட்டுநர் குறித்த நேரம் வரை எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு மின்னும். பிறகு ஒலி எழும். அதற்கும் அசைவு இல்லையெனில் கருவி தானே பிரேக்கைப் போட்டுவிடும். 2020-இல் நாடு முழுமைக்கும் உரிய முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சிவப்பு சிக்னலைக் கடக்க முற்படும் வண்டியை ஓட்டுநரின் கையை எதிர்பாராமலே நிறுத்துகிறது. 2022 மார்ச் 4 அன்று தென் மத்திய ரயில்வேயில் குல்லகூடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே நடத்திய சோதனையில், முன்னால் இருந்த எஞ்சினுக்கு 380 மீட்டர் தொலைவிலேயே அது எஞ்சினை நிறுத்திக் காட்டியது.

இவை யாவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே காவல் புரிபவை. பணிமனையில் தட்டிப் பார்த்து அனுப்புவது ஒன்று. ஓட்டத்தின் நடுவே உடனிருந்து காப்பது மற்றொன்று. கைபேசிச் செயலிகளுக்கும் இவ்விரண்டு வகைக் காப்பும் உண்டு. நாம் பேசப் புகுந்தது இரண்டாவதைப் பற்றி. செயலி இயங்கும்போதே அதன் ஒவ்வோர் அசைவையும் கவனித்து, விதியை மீறும் தருணத்தில் குறுக்கிட்டுத் திருத்தும் மென்பொருளைக் காவல் மென்பொருள் என்று அழைப்போம்.

இத்தகைய காவல் எதற்கு என்று வினவலாம். ஒரு செயலியை ஒருவரே முழுதும் எழுதுவதில்லை. படம் காட்டுவதற்கு ஒருவர் எழுதியது, வரைபடம் விரிப்பதற்கு ஒருவர் எழுதியது, கடைகளில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் படிப்பதற்கு வேறொருவர் எழுதியது என்று பலர் கைவேலையைக் கோத்தே ஒரு செயலி ஆகிறது. கோத்தவருக்கே உள்ளிருக்கும் மணி ஒவ்வொன்றின் குணமும் தெரியாது.

கேமராவை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டின் பழைய கேமரா முறையில், கேமராவைக் கையில் பெற்ற செயலி, நாம் வேறு செயலிக்குச் செல்லும்போது அதனை விட்டுவிட வேண்டும். விடாது போனால் அடுத்த செயலிக்குக் கேமரா கிடைக்காது. ஒற்றை வழித்தடத்தின் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அடுத்த வண்டி நிலையத்திலேயே நின்றுகொண்டிருக்கும். தண்டவாளம் காலியாகக் கிடக்கும். அதே கதைதான். இன்னொன்று 'விழிப்புப் பூட்டு'. ஒரு வேலை முடியும்வரை கைபேசி உறங்கிவிடாதிருக்கச் செயலி இப்பூட்டைப் போடுகிறது. வேலை முடிந்த பின் திறக்க மறந்தால், கைபேசி இரவெல்லாம் கண்விழித்து, காலையில் பேட்டரி வற்றிக் கிடக்கும். இவ்வாறான இடங்களில் காவல் மென்பொருள் உள்ளே நின்று கவனிக்கிறது. செயலி பின்னுக்குச் செல்லும் தருணத்தில் கேமரா இன்னும் அதன் பிடியில் இருக்கக் கண்டால், 'விடு' என்னும் கட்டளையைத் தானே செருகிவிடுகிறது. செயலி மீண்டும் முன்னே வரும்போது கேமராவைத் திரும்பப் பெற்றுக் கொடுக்கிறது. செயலிக்கு இடையில் நடந்தது தெரியாது.

வங்கிச் செயலிகளில் உள்ள காவல் சற்றுக் கடுமையானது. கைபேசியின் பூட்டுகளை யாரேனும் உடைத்திருக்கிறார்களா, செயலியைப் பிரித்து வேறு ஏதேனும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா, நம் திரையை வெளியிலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்றெல்லாம் அது சோதிக்கிறது. காலனியில் மோசடிக்காரனின் தொலைபேசி அழைப்புக்கு ஆளாகாத தெருவே இல்லை என்னும்படி ஆகிவிட்ட இந்நாளில் அக்காவல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இத்துறையின் அறிஞர்கள் இதனை மிக நேர்த்தியாக ஆராய்ந்திருக்கின்றனர். 2000-இல் அமெரிக்க அறிஞர் பிரெட் ஷ்னைடர், இயங்கும் மென்பொருளைக் கவனித்துக் காக்கும் காவலன் எந்தெந்த விதிகளைக் காக்க இயலும் என்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார். அவருடைய காவலன் அறிந்த வித்தை ஒன்றே: விதி மீறப்படும் தருணத்தில் வண்டியை நிறுத்திவிடுவது. 2005-இல் லிகாட்டி, பாவர், வாக்கர் என்னும் மூவர், தவறான கட்டளையை விழுங்கவும் விடுபட்ட கட்டளையைச் செருகவும் வல்ல காவலனை வகுத்துக் காட்டினர். காவலனுக்குரிய கடமை இரண்டு என்பது இவ்வாராய்ச்சியின் சாரம். தவறு நடக்க விடாதிருத்தல் முதற்கடமை. சரியாக நடப்பதைத் தொடாமல், கண்ணாடி போல் ஊடே விட்டுவிடுதல் இரண்டாவது.

எழுத்தர் வேலையில் பழகிய நம் மூளைக்கு இங்கேதான் ஓர் உறுத்தல் எழுந்தது. அந்தப் பழைய வரையறையின்படி, எவை நடந்தன, எந்த வரிசையில் நடந்தன என்று பார்த்தால் போதும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்னும் கேள்வி அதில் இல்லை. ஒரு கோப்பு எல்லா மேசைகளுக்கும் முறைப்படி சென்று, எல்லாக் கையெழுத்துகளும் வரிசை தவறாமல் பெற்று, மூன்று ஆண்டுகளுக்குப் பின் மனுதாரரை வந்தடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வரையறைப்படி அக்கோப்பில் ஒரு குற்றமும் இல்லை! மனுதாரரைக் கேட்டால் வேறு சொல்லுவார்.

காவலனுக்கும் எடை உண்டு. பழைய சரக்கு வண்டிகளில் கார்டுக்கென்று பிரேக் வேன் ஒன்று இணைக்கும்போது, எஞ்சின் இழுக்கக்கூடிய சுமையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கைபேசியிலும் அப்படியே. காவல் மென்பொருள் செயலிக்குள் புகுந்து, கவனிக்க வேண்டிய ஒவ்வொரு கட்டளையையும் தன் வழியாகச் சுற்றிச் செல்லுமாறு திருப்பிவிடுகிறது. சுற்று ஒன்றுக்கு ஆகும் நேரம் சிறிது, மிகச் சிறிது. ஆனால் எத்தனை சுற்று என்பதைக் கணக்கிட வேண்டும்.

கைபேசித் திரை பெரும்பாலும் வினாடிக்கு 60 முறை புதுப்பித்து வரையப்படுகிறது. அப்படியாயின் ஒரு படத்தை வரைய ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி அவகாசம் உண்டு. புதிய கைபேசிகள் சிலவற்றில் வினாடிக்கு 120 முறை, அவகாசம் 8.3 மில்லி வினாடியாகக் குறைகிறது. காவலன் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி வினாடியில் இருபதில் ஒரு பங்குதான் எடுத்துக்கொள்கிறான் என்போம். ஒரு படம் வரையும் நேரத்துக்குள் நூறு முறை அவன் வாசலைக் கடக்க நேர்ந்தால் 5 மில்லி வினாடி போயிற்று. 60 முறை வரையும் திரையில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவகாசம் தப்பினால் அந்தப் படம் விழாது. விரலால் தள்ளும்போது திரை விக்கி விக்கி நகரும். மனிதர் தொட்டதற்கும் கருவி விடையிறுப்பதற்கும் இடையே பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிட்டால்தான் அது உடனே நடந்ததாக மனத்துக்குத் தோன்றும் என்று ராபர்ட் மில்லர் 1968-இலேயே எழுதினார். கருவிகள் எத்தனையோ மாறின. மனிதரின் பொறுமை மாறவில்லை. தொட்டதற்கு 5 வினாடி வரை செயலி அசையாது நின்றால், 'இச்செயலி பதிலளிக்கவில்லை, மூடிவிடலாமா' என்று ஆண்ட்ராய்டே கேட்டுவிடும்.

செலவு இரு வகை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கவனிப்பதற்கான செலவு ஒன்று. குறுக்கிடுவதற்கான செலவு ஒன்று. தவறு செய்யும் செயலியில் காவலன் குறுக்கிட்டு, கேமராவை விடுவித்துத் திரும்பப் பெற்றுத் தரும்போது, திரை சிறிது நேரம் கறுத்திருக்கக்கூடும். அது எப்போதோ நிகழ்வது, பொறுத்துக்கொள்ளலாம். கவனிப்பதற்கான செலவோ, ஒரு தவறும் நிகழாத நாளிலும், எல்லாரிடமிருந்தும், ஒவ்வொரு தொடுதலிலும் வசூலிக்கப்படுகிறது. சோதிப்பவர் பலர் முதற்செலவை விட்டுவிட்டு, காவலன் குறுக்கிடும் அந்தப் பரபரப்பான தருணத்தையே அளந்துகொண்டிருப்பதாக நம் பிள்ளைகள் சொல்கின்றனர். சிக்னல் கம்பி அறுந்த நாளின் பதிவேடு ஒழுங்காக இருக்கும். அறாத நாட்களை யார் எழுதி வைக்கிறார்கள்?

நினைவகத்தின் செலவு இன்னும் நுட்பமானது. இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம். ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் மழைக்கால மாலை ஒன்றில் நம் வராந்தாவுக்கு வந்தார். கையில் பேரன் கழித்துக் கொடுத்த கைபேசி, 2 ஜி.பி. நினைவகம் கொண்டது. மருமகள் மருத்துவமனையில் இருந்தாள். மகனுக்கு அன்றிரவே பணம் அனுப்ப வேண்டும். வங்கியின் பெயர் இங்கு வேண்டா. செயலியைத் திறந்தார்; வெகுநேரம் கழித்துத் திறந்தது. தொகையை எழுதினார். ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியில் வந்தது. குறுஞ்செய்தியைப் பார்த்து எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு செயலிக்குத் திரும்பினால், அது ஒன்றும் அறியாததுபோல் முதலிலிருந்து தொடங்கி, கடவு எண்ணைக் கேட்டது. மறுபடி தொகை, மறுபடி ஓ.டி.பி.; மறுபடி முதலிலிருந்து. நான்கு முறை ஆயிற்று. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, இதற்கு என் மேல் ஏதோ சந்தேகம் இருக்கிறதப்பா" என்றார். முப்பது ஆண்டுகள் எஞ்சின் ஓட்டியவர் அவர். அன்றிரவு பணம் வேறொருவர் கைபேசியிலிருந்து சென்றது.

பின்னர் இதன் காரணத்தைப் பிள்ளைகளிடம் கேட்டோம். நினைவகம் நெருக்கடியாகும்போது, திரையில் இல்லாத செயலிகளை ஆண்ட்ராய்டு ஒவ்வொன்றாக வெளியேற்றும். நெருக்கடி மிகும்போது, சற்று முன்பு பயன்படுத்திய செயலிக்கும் அக்கதி நேரும். குறுஞ்செய்தியைப் பார்க்கச் சென்ற அந்தச் சிறு இடைவெளியில் வங்கிச் செயலி வெளியேற்றப்பட்டிருக்கலாம். நினைவகம் நிறைந்த கைபேசியில் இது நிகழ்வது அரிது. எல்லாப் பழியையும் காவல் மென்பொருளின் தலையில் ஏற்ற நாம் முற்படவில்லை. செயலியின் படங்களும் விளம்பரங்களும் கூட நினைவகத்தை உண்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பது அளந்தால் அன்றித் தெரியாது. அளக்கும் முறையைத்தான் இனிக் கூற வேண்டும்.

அடிப்படை எளிது. ஒரே செயலி, ஒரே கைபேசி, ஒரே வரிசையான தொடுதல்கள். ஒரு முறை காவலன் இல்லாமல், ஒரு முறை காவலனோடு. இரண்டின் வேறுபாடே காவலனின் எடை. இத்தாலியின் மிலானோ-பிகோக்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு காவல்களைச் சோதிக்கும் சோதனைகளைக் கணினியே உருவாக்கும் முறை ஒன்றை 2020-இல் வெளியிட்டனர். காவலன் செய்ய வேண்டியதைச் செய்கிறானா, தொடக் கூடாததைத் தொடுகிறானா என்று பார்ப்பது அது. 2022-இல் அதே குழுவினர் வேகம், நினைவகம் முதலிய செலவுகளின் பக்கமும் தம் சோதனையை விரித்தனர். சரியாகச் செய்கிறதா என்னும் கேள்வியோடு எவ்வளவு செலவில் செய்கிறது என்னும் கேள்வியும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

எளிய அடிப்படையைக் கெடுக்க வழிகள் பல. கைபேசி சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காவலன் இல்லாத ஐம்பது ஓட்டங்களைக் காலையில் நடத்திவிட்டு, கைபேசி கொதிக்கும் நண்பகலில் காவலனோடு ஐம்பது ஓட்டங்களை நடத்தினால், வெயிலின் குற்றத்தையும் காவலன் சுமப்பான். ஆகவே ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றி நடத்த வேண்டும். இடையிடையே ஆறவிட வேண்டும். புதிதாக நிறுவிய செயலி முதற்சில ஓட்டங்களில் மெதுவாகவும், பழகப் பழக வேகமாகவும் இயங்கும்; ஆண்ட்ராய்டு அடிக்கடி வரும் வழிகளைக் கண்டு அவற்றைச் செம்மைப்படுத்திக்கொள்வதே காரணம். எனவே முதல் ஓட்டங்களையும் பழகிய ஓட்டங்களையும் ஒரே நெடுவரிசையில் கலந்து எழுதுதல் ஆகாது. கணினிக்குள் அமைத்த போலிக் கைபேசியில் அளந்த நேரத்தை உண்மைக் கைபேசியின் நேரமாகக் கொள்வதும் ஆகாது. அளக்கும் கருவிக்கும் எடை உண்டு. காவலனை நிறுக்கும்போது தராசையும் சேர்த்து நிறுத்துவிடக் கூடாது.

அடுத்தது சராசரி. இதனைப் பற்றிப் பேச எம் போன்ற எழுத்தர்களுக்கு உரிமை மிகுதி. மாத அறிக்கைகளில் சராசரி எழுதியே நரைத்த தலை இது. ஒரு வண்டி ஒன்பது நாள் நேரத்துக்கு வந்து, பத்தாம் நாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால், நாளொன்றுக்குச் சராசரித் தாமதம் 12 நிமிடம். அறிக்கையைப் பார்க்கும் அதிகாரி 12 நிமிடம்தானே என்று கையெழுத்திடுவார். 12 நிமிடம் தாமதமான நாள் ஒன்றுகூட இல்லை என்பது நடைமேடையில் குழந்தையோடு நின்றவளுக்குத்தான் தெரியும். ஆதலால் விவரம் அறிந்தவர்கள் நேரங்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, நூற்றில் ஐம்பதாவது எது, தொண்ணூறாவது எது, தொண்ணூற்றைந்தாவது, தொண்ணூற்றொன்பதாவது எது என்று தனித்தனியே காட்டுவார்கள். ஆண்ட்ராய்டு தன் திரைக் கணக்கையும் இம்முறையிலேயே தருகிறது. ஐம்பதாவது எண்ணில் காவலன் பெரும்பாலும் நல்லவனாகவே தோன்றுவான். தொண்ணூற்றொன்பதாவதில் அவன் முகம் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, எந்தக் கைபேசியில் அளப்பது என்பது. சோதனைக் கூடத்தின் மேசையில் இருப்பது சென்ற மாதம் வாங்கியது. நினைவகம் நிறைந்தது; வேகம் மிகுந்தது; அதில் வேறு எதுவும் நிறுவியிருப்பதில்லை. நம் காலனியின் கைபேசியோ மூன்றாவது கைக்கு வந்தது. கல்யாணப் படங்களும் காலை வணக்கப் படங்களும் நிறைந்து, இடமின்றித் திணறுவது. செயலி முழுவதும் அடங்கிய நிலையிலிருந்து திறக்க 5 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அது மிகை என்று கூகிளின் அளவுகோல் கூறுகிறது. மேசையில் ஒன்றரை வினாடியில் திறப்பது, காவலனின் தொடக்கச் சோதனைகளையும் சேர்த்துக்கொண்டு, இங்கே அவ்வெல்லையைத் தாண்டிவிடக்கூடும். காவலன் தூக்கி வரும் சுமை ஒன்றே. பட்டணத்துப் புதுக் கைபேசிக்கு அது கைக்குட்டை. பெரியவரின் கைபேசிக்கு அது நெல் மூட்டை.

இதைவிட வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. செயலியை வேவு பார்க்கும் கருவி ஏதேனும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய, காவல் மென்பொருள்கள் சில ஓர் உபாயம் செய்கின்றன. சிறு வேலை ஒன்றைக் கொடுத்து, அது முடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கின்றன. எதிர்பார்த்ததைவிட மிகுந்தால், இடையில் யாரோ நின்று பார்க்கிறார்கள் என்று ஊகிக்கின்றன. நல்ல உபாயம்தான். ஆயின் அந்த எதிர்பார்ப்பு எந்தக் கைபேசியைக் கொண்டு வகுத்தது? மேசைக் கைபேசியைக் கொண்டு வகுத்திருந்தால், பழைய கைபேசியின் இயல்பான மெதுவே திருட்டின் அடையாளமாகத் தோன்றக்கூடும். வறுமையைக் களவென்று எழுதிவிடும் கணக்கு இது. இங்கே வேகத்தைச் சோதிப்பதும் நீதியைச் சோதிப்பதும் ஒன்றாகிவிடுகின்றன.

அளந்து, காவலன் கனமானவன் என்று கண்டபின் என் செய்வது? மென்பொருள் எழுதுவோர் கையாளும் வழிகள் சில உண்டு. எல்லா வாசலிலும் நிறுத்தாமல், பணம் அனுப்பும் வாசலில் மட்டும் கடுமையாகச் சோதித்து, கணக்கு விவரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும்போது விட்டுவிடுவது ஒன்று. ஒரு முறை சோதித்த முடிவைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பது ஒன்று. திரையை வரையும் முதன்மை வேலையாளை விட்டு, பின்னறையில் உள்ள வேறொரு வேலையாளிடம் சோதனையை ஒப்படைப்பது இன்னொன்று. முதல் வழி நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மூன்றாவதில் ஆபத்து இருக்கிறது. பின்னறையில் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே முன்வாசலில் பணம் போய்விட்டால், பின்னால் வந்து கூவும் காவலனால் பயன் என்ன? கேட் மூடுவதற்குள் வண்டி கடந்துவிட்ட கதையாகும். வேகம் கூடியது என்று மகிழ்ந்து, காவலின் பிடி தளர்ந்ததைக் காணாமல் விடுவதற்கு இதுவே வழி. ஆகையால் எடையைக் குறைத்த ஒவ்வொரு முறையும், நேரத்தை அளப்பதோடு நில்லாமல், பழைய தவறுகளை எல்லாம் மறுபடி வேண்டுமென்றே செய்து பார்த்து, காவலன் ஒவ்வொன்றையும் பிடிக்கிறானா என்று காண வேண்டும். இவ்விரு சோதனைகளை இரு வேறு குழுக்கள் இரு வேறு மாதங்களில் செய்யும் இடங்களும் உண்டாம். நம் அலுவலகங்களை நினைக்கும்போது அது வியப்பாகத் தோன்றவில்லை.

காவலே வேண்டா என்று கழற்றிவிடும் சபலமும் எழும். செயலி மெதுவாக இருக்கிறது என்று பயனர் குறை கூறினால், முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத பகுதியே. பொத்தானை எடுத்தால் கேட்பார் உண்டு; காவலனை எடுத்தால் கேட்பார் இல்லை, ஏதேனும் நேரும் வரையில். அளந்த எண் கையில் இருந்தால், 'காவலனின் பங்கு இவ்வளவே, மீதி உங்கள் விளம்பரப் படங்களின் பங்கு' என்று எடுத்துக்காட்டி அவனைக் காப்பாற்றலாம். காவலனுக்காக வாதாடவும் அளவை வேண்டியிருக்கிறது.

இனி நம் காலனிக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லி அமர்கிறோம். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர், விழிப்புப் பூட்டைத் திறக்க மறக்கும் செயலிகளைத் திருத்தும் சிறு காவல் மென்பொருள் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதி வருகிறார்கள். தம் புதிய கைபேசியில் அதன் எடை ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள், தெரியாதுதான். பழைய கைபேசிகளில் அளக்க விரும்புகிறார்கள். வீட்டு அலமாரிகளில் உறங்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளைச் சங்க நூலக அறையில் வைத்திருக்கும் மரப்பெட்டியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். திரையில் கீறல் இருந்தாலும் தாழ்வில்லை. எவ்வளவு பழையதோ அவ்வளவு நன்று. சிம் அட்டையை எடுத்துவிட்டு, படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, உள்ளிருப்பவற்றை முற்றும் அழித்துக் கொடுங்கள். அழிக்கத் தெரியாதவர்களுக்கு அவ்விருவரும் உங்கள் கண்ணெதிரிலேயே அழித்துத் தருவார்கள். சார்ஜர் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். பேட்டரி உப்பிய கைபேசியை மட்டும் கொண்டுவர வேண்டா. ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நூலக அறை திறந்திருக்கும்.